மோரிஸ் மைனர்: பெயிண்டை விடுங்கள், அடியைப் பாருங்கள்

1965 மோரிஸ் மைனர் சலூன் கார், பளபளவென்று புது பெயிண்ட். 40 வருஷம் தாண்டியதால் பிரிட்டனில் எம்ஓடி சோதனை (வருடாந்திர வாகனத் தகுதிச் சோதனை) தேவையில்லை என்கிறார் விற்பவர், வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். விலக்கு உண்மைதான். ஆனால் விரும்பினால் சோதனை செய்துகொள்ளலாம். வாங்கும் முன் உங்கள் செலவிலேயே அதைச் செய்துகொள்ள விற்பவரிடம் கேளுங்கள். மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

காருக்கு அடியில் படுத்துப் பாருங்கள். முன் சீட்டுகளுக்குக் கீழே குறுக்கே ஓடும் கிராஸ்மெம்பர் என்ற இரும்புச் சட்டத்தில்தான் டார்ஷன் பார்களின் (முன்சக்கரங்களுக்கு ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பிகள்) பின்முனை நிற்கிறது. அங்கேயும் பின்பக்க வில் பட்டைகள் மாட்டும் இடத்திலும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். 'டங்' என்றால் சரி, 'பொத்' என்றால் துரு. கறுப்பு அண்டர்சீல் (அடியில் பூசும் துருத் தடுப்புப் பூச்சு) புதிதாக இருந்தால், துருவை மறைக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம்தான் வரும்.

வாங்கினால், முன்சக்கரம் திரும்ப உதவும் ட்ரனியன் என்ற இணைப்பை மறக்கவே கூடாது. அது மரையில் சுழல்வது. கிரீஸ் காய்ந்தால் மரை தேய்ந்து, ஓடும்போதே சக்கரம் மடிந்துவிடும். ஆயிரம் மைலுக்கு ஒருமுறை ஜாக்கில் தூக்கி, பழைய கிரீஸ் பிதுங்கும்வரை அடியுங்கள்.

அப்புறம் பெட்ரோல்: ஈ10 (10% வரை எத்தனால் கலந்தது) வேண்டாம், ஈ5 (5% வரை) போடுங்கள். இன்ஜினுக்குப் பயப்பட வேண்டாம், இதிலுள்ள ஏ-சீரிஸ் வகை இன்ஜினின் உதிரிபாகம் இன்றும் தாராளமாகக் கிடைக்கிறது.