பாடம் ஆங்கிலத்தில் நடக்கும்போது ஜெர்மன் எதற்கு?

கேள்வி: கோவையில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஜெர்மனியில் எம்.எஸ். படிக்க ஆசை. எங்கள் கல்லூரியில் வாரத்துக்கு இரண்டு பீரியட் ஜெர்மன் சொல்லித்தருகிறார்கள். “பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தானே, அந்த நேரத்துக்கு கோடிங் படி” என்கிறார்கள் சீனியர்கள். சேரலாமா?

பதில்: சேருங்கள். சீனியர்கள் சொல்வது அட்மிஷன் வரைக்கும் சரி. ஆங்கிலத்திலேயே நடக்கும் முதுகலைப் படிப்புகள் அங்கே நிறைய உண்டு. பலவற்றுக்கு மொழித் தகுதியாக ஐஈஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வு போதும்.

சிக்கல் போய் இறங்கிய பிறகுதான். அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை, நிஜம்தான். ஆனால் முதல் வருடச் செலவுக்கென்று 2024 செப்டம்பர் நிலவரப்படி 11,904 யூரோவை முடக்கக் கணக்கில் (மாதம் இவ்வளவுதான் எடுக்கலாம் என்று கட்டுப்பாடு உள்ள வங்கிக் கணக்கு) காட்டித்தான் பெரும்பாலோர் விசா வாங்குகிறார்கள். அது கரைந்ததும் எல்லோரும் பகுதி நேர வேலை தேடுவார்கள். வருடத்தில் 140 முழு நாள் வேலை பார்க்க அனுமதி உண்டு. ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்குச் சுலபமாகக் கிடைப்பது கிடங்கில் பார்சல் பிரிக்கும் வேலை. படிப்போடு ஒட்டிய ‘வெர்க்ஸ்டூடண்ட்’ வேலைக்கு ஜெர்மன் கேட்பார்கள். கம்ப்யூட்டர் சயன்ஸ் நண்பர் ஆங்கிலத்தை வைத்தே ஓட்டிவிடலாம். உங்கள் துறையில் பட்டறை, வரைபடம், சப்ளையர் போன் எல்லாம் ஜெர்மனில்தான். படிப்பு முடிந்து வேலை தேடக் கிடைக்கும் 18 மாதத்திலும் இதே கதைதான்.

சரி, கல்லூரி வகுப்பு போதுமா? போதாது. மொழித் திறனை ஏ1, ஏ2, பி1 என்று படிப்படியாக அளக்கிறார்கள். வேலைக்கு ஓரளவு உதவும் பி1 நிலையை எட்ட 45 நிமிட வகுப்புகள் 350 முதல் 650 வரை தேவை. வாரம் இரண்டு வீதம், செமஸ்டருக்குச் சுமார் 30. மீதி ஐந்து செமஸ்டரும் விடாமல் போனாலும் 150தான். ஏ1 தாண்டினால் பெரிது. ஆகவே கல்லூரியில் அடித்தளம் போட்டுக்கொண்டு, இரண்டு கோடை விடுமுறையைத் தீவிர வகுப்புக்கு ஒதுக்குங்கள். பிரெஞ்சு ஏ1, ஜப்பானிய என்5 என்று தொடக்க நிலைச் சான்றிதழ் சேர்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். ஒரே மொழியில் பி1 இருந்தால்தான் பேச்சு நடக்கும்.

இலக்கணத்துக்குப் பயப்படாதீர்கள். பலர் முழிக்கும் இடம் வேற்றுமை. ‘டேர் மான்’ அந்த ஆள், ‘டேன் மான்’ அந்த ஆளை, ‘டேம் மான்’ அந்த ஆளுக்கு. நாம் பெயருக்குப் பின்னால் ஒட்டுவதை அவர்கள் முன்னால் மாற்றுகிறார்கள், அவ்வளவுதான். ‘ஏனென்றால்’ என்று தொடங்கும் துணை வாக்கியத்தில் வினைச்சொல்லும் நம்மைப் போலவே கடைசிக்குப் போய்விடும். பால் பாகுபாடுதான் மனப்பாடம். சிறுமியைக் குறிக்கும் ‘மேட்ஷென்’ அங்கே அஃறிணை மாதிரி! அதனால் எந்தப் பெயர்ச்சொல்லையும் அதன் பாலைக் காட்டும் டேர் (ஆண்), டீ (பெண்), டாஸ் (இரண்டும் அல்லாதது) சேர்த்தே எழுதிப் படியுங்கள்.

சேரும் முன் ஆசிரியரிடம் ஒன்று கேளுங்கள்: முடிவில் கல்லூரிச் சான்றிதழ் மட்டும்தானா, அல்லது ஜெர்மன் மொழிக்கான கெத்தே நிறுவனத்தின் தேர்வுக்கும் தயார் செய்வீர்களா? முதலாவதுதான் என்றால், அந்த நிறுவனத்தின் சென்னைக் கிளையான மாக்ஸ் முல்லர் பவன் நடத்தும் தேர்வுக்கு நீங்களே பதிவு செய்துகொள்ளுங்கள். பி1-இல் நான்கு பகுதிகளையும் தனித்தனியாக எழுதலாம். பேச்சுப் பகுதியில் மட்டும் கோட்டைவிட்டால் அதை மட்டும் திரும்ப எழுதினால் போதும்.