ராத்திரியில் பையன் யாரிடம் படுக்கிறான்?

கேள்வி: குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். நாலு வயசில் பையன், எட்டு மாசத்தில் பெண். பையனுக்கு இரண்டு மாசமாக உடம்பெல்லாம் அரிப்பு. விரலிடுக்கு, தொப்புளைச் சுற்றி, பின்பக்கம் எல்லாம் பொரிப்பொரியாக இருக்கிறது. பகலில் விளையாடுகிறான், படுத்தால்தான் சொறிந்து தள்ளுகிறான். முதலில் வெயில் சூடு என்று விட்டோம். அப்புறம் மெடிக்கலில் சொல்லி ஒரு க்ரீம் வாங்கிப் போட்டேன்; அடங்கியது, பத்து நாளில் அதிகமாக வந்தது. டாக்டர் பார்த்து ஸ்கேபிஸ் என்று பெர்மெத்ரின் க்ரீம் எழுதிக் கொடுத்தார். அரிக்கிற இடத்தில் எல்லாம் மூன்று வாரமாகத் தடவுகிறேன். போகிறது, வருகிறது. அவனுக்குத் தனி சோப்பு, தனி டவல், தனித் தட்டு வைத்திருக்கிறேன். ராத்திரி அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம்தான் படுப்பான், சின்னவள் என்னிடம். அத்தை பீடி சுற்றுகிறவர், சுகரும் உண்டு. அவருக்கும் நாலைந்து மாசமாகக் கையில் அரிப்பு இருக்கிறது, அது புகையிலைத் தூளால். கணவர் ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை, சனிக்கிழமைதான் வருவார். எங்களுக்குத் தண்ணீர் வேறு நாலு நாளைக்கு ஒருமுறைதான் வரும். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கின் ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்கட்டுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் பையனின் விரலிடுக்கு இருக்கிறது, தொப்புள் இருக்கிறது, சோப்பு, டவல், தட்டு எல்லாம் இருக்கிறது. அத்தைக்கு ஒரே ஒரு வரி. நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் அந்த வரியில்தான் இருக்கிறது.

'அது புகையிலைத் தூளால்' என்று யார் சொன்னது? டாக்டர் பார்த்துச் சொன்னாரா? அத்தையே சொன்னாரா? இல்லை, அவரைக் கேட்காமலே வீட்டில் எல்லோருமாக முடிவு கட்டிவிட்டீர்களா? காலமெல்லாம் பீடி சுற்றிய கை அது. இத்தனை வருஷம் வராத அரிப்பு நாலைந்து மாசமாக மட்டும் ஏன் வருகிறது என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அத்தைக்கு முதலில் வந்தது, அவரோடு படுக்கிற பையனுக்குப் பிறகு வந்தது. இரண்டையும் நீங்களேதான் எழுதியிருக்கிறீர்கள். எழுதி முடித்து ஒருமுறை படித்துப் பார்த்திருந்தால் தபால் செலவு மிச்சமாகியிருக்கும்.

குழந்தைகள் வார்டில் நர்ஸாகக் காலம் தள்ளியவள் நான். சொறி சிரங்கு என்று தூக்கிக்கொண்டு வருகிற தாய்மார்களிடம் நாங்கள் முதலில் கேட்பது, 'வீட்டில் வேறு யாருக்கு அரிக்கிறது?' என்பதுதான். 'யாருக்கும் இல்லை' என்று பதில் வரும். கொஞ்சம் கிளறினால், 'மாமியாருக்கு உண்டு, ஆனால் அது சுகரால்', 'மாமனாருக்கு உண்டு, வயசாகிவிட்டது இல்லையா' என்று வெளியே வரும். வயசானவர்கள் சொறிந்தால் அது வீட்டில் ஓடுகிற ஃபேன் சத்தம் மாதிரி ஆகிவிடுகிறது, யார் காதிலும் விழுவதில்லை. எனக்கு இதில் கோபம் வராமல் இருந்ததே கிடையாது.

ஸ்கேபிஸ் என்பது தோலைக் குடைகிற பூச்சியால் வருகிற சொறி. இந்தப் பூச்சி கண்ணுக்குத் தெரியாது. பெண் பூச்சி தோலின் மேல்பட்டையைக் குடைந்து உள்ளே போய் தினமும் இரண்டு மூன்று முட்டை இடும். மூன்று நாலு நாளில் அது பொரியும், அடுத்த இரண்டு வாரத்துக்குள் குஞ்சு வளர்ந்து தானும் குடைய ஆரம்பிக்கும். ஒரு உடம்பில் இருப்பது பத்துப் பதினைந்து பூச்சிதான். அரிப்பு என்னவோ உடம்பு முழுக்க இருக்கும். முதல்முறை தொற்றியவருக்கு அரிப்பே நாலு முதல் ஆறு வாரம் கழித்துத்தான் தொடங்கும். அதனால் உங்களுக்கும் சின்னவளுக்கும் உங்கள் கணவருக்கும் இன்றைக்கு அரிக்கவில்லை என்பதை நம்பி எதுவும் செய்யாதீர்கள்.

தோலோடு தோல் கொஞ்ச நேரம் ஒட்டி இருந்தால் பரவும். ஒரே பாயில், ஒரே போர்வையில், பாட்டி கையைத் தலைக்கு வைத்துப் படுக்கிற பிள்ளைக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? தட்டால் பரவாது. நாலு வயசுப் பிள்ளைக்குத் தனித் தட்டு வைத்து என்ன சாதித்தீர்கள்? அவன் மனசில் என்ன ஓடும்? முதல் வேலையாக அந்தத் தட்டை எடுத்து மற்றதோடு அடுக்கி வையுங்கள்.

நாளைக்குக் காலையில் வெளிச்சம் வந்ததும் அத்தையைத் திண்ணையில் உட்கார வைத்து, அவர் கையை உங்கள் கையில் எடுத்துப் பாருங்கள். தள்ளி நின்று பார்க்காதீர்கள். விரல்களை ஒவ்வொன்றாக விரித்து இடுக்கைப் பாருங்கள். மணிக்கட்டின் உள்பக்கம், வளையல் உட்காருகிற இடம், முழங்கை, அக்குள், பாவாடை நாடா இறுகுகிற இடுப்பு. பென்சிலால் லேசாகக் கீறினாற்போல் ஒரு கோடு, அரை சென்டிமீட்டர்கூட இருக்காது, அதன் முனையில் ஒரு பொரி தெரியலாம். இல்லாவிட்டால் வெறும் சொறிந்த காயம் மட்டும் தெரியும். தோல் தடித்துப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தால் விஷயம் வேறு. சுகர் உள்ளவர்கள், வயசானவர்கள், உடம்பில் எதிர்ப்பு குறைந்தவர்களுக்கு இப்படி ஆவதுண்டு. அதில் பூச்சி ஆயிரக்கணக்கில் இருக்கும், அரிப்போ அவ்வளவாக இருக்காது. அப்படி இருந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், நேராக ஆஸ்பத்திரிதான். சுகர்காரர் கையில் ஆறாத சொறிக்காயம் எதில் போய் முடியும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மக்களைத் தேடி மருத்துவத்தில் சுகர் மாத்திரை கொடுக்க வீட்டுக்கு ஆள் வந்திருந்தால் அவரிடமாவது, 'இந்தக் கையைக் கொஞ்சம் பாருங்கள்' என்று சொல்லியிருக்கலாமே?

இதைப் படித்த கையோடு பையனை அத்தையிடமிருந்து பிரித்துப் படுக்க வைக்கப் போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். செய்யாதீர்கள். நீங்கள் கைக்குழந்தையோடு படுத்திருக்கிறீர்கள். நடுராத்திரியில் அவன் அழுதால் எழுந்து முதுகைத் தடவிக் கொடுப்பது அவர்தானே? இந்த இரண்டு மாசமும் அவர் தூங்கியிருக்க மாட்டார். பேரனிடம் இருந்து தனக்கு ஒட்டியதா, தன்னிடம் இருந்து அவனுக்கா என்று அவர் ஒருநாளும் கேட்கப் போவதில்லை. நீங்களும் அந்தக் கேள்வியை வாயில் எடுக்காதீர்கள். 'உங்களால்தான் வந்தது' என்று ஒரு சொல் விழுந்தால், அரிப்பு ஒரு மாசத்தில் போய்விடும், அந்தச் சொல் போகாது. அழுக்காக இருப்பதால் வருகிற நோயும் இல்லை இது. குளித்து முழுகி இருக்கிற வீட்டிலும் வரும்.

இப்போது மருந்துக்கு வருகிறேன். அரிக்கிற இடத்தில் மட்டும் மூன்று வாரம் தொட்டுத் தொட்டுத் தடவினீர்களே, அது பெர்மெத்ரினை வீணாக்கும் வழி. இது ஆயின்மென்ட் மாதிரி தினம் போடுவது கிடையாது. வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே ராத்திரியில், கழுத்துக்குக் கீழே ஒரு இடம் பாக்கியில்லாமல் பூச வேண்டும். ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை. அவ்வளவுதான். உங்களுக்குச் சனிக்கிழமைதான் சரி. கணவருக்குப் போன் போட்டு, 'இந்தச் சனிக்கிழமையும் அடுத்த சனிக்கிழமையும் ஓவர்டைம் என்று சொல்லக் கூடாது' என்று இப்போதே சொல்லிவிடுங்கள். அவரிடம் நான் சொன்னதாக இதையும் சொல்லுங்கள்: அம்மாவின் கையைப் பார்க்க வேண்டியது முதலில் மகன். வாரா வாரம் வீட்டுக்கு வருகிறவர், ஒரு சனிக்கிழமையாவது, 'ஏம்மா சொறியுற?' என்று கேட்டிருக்க வேண்டாமா? சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுப்பதோடு பிள்ளையின் கடமை முடிந்துவிடுகிறதா? ஆம்பூரில் அவரோடு ரூமில் தங்கியிருக்கிற பையன்களில் யாருக்காவது அரிப்பு இருக்கிறதா என்றும் கேட்கச் சொல்லுங்கள். இருந்தால் அவர்களும் டாக்டரைப் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கிருந்து திரும்ப உங்கள் வீட்டுக்கே வரும்.

சனிக்கிழமைக்கு முன்னால் நீங்கள் நாலு பேரும் குடியாத்தம் அரசு மருத்துவமனைக்கோ பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய் வாருங்கள், கணவர் ஆம்பூரிலேயே டாக்டரைப் பார்க்கட்டும். ஒரு சீட்டில் ஒருவருக்கு என்று வாங்கிப் பங்கு போடாதீர்கள். பெரியவர் ஒருவருக்கு 30 கிராம் ட்யூப் ஒன்று முழுதாக வேண்டும், பையனுக்கு அதில் சுமார் கால் பாகம். பெரியவர்களுக்கு டாக்டர் ஐவர்மெக்டின் மாத்திரை கொடுத்தால் அதை உடைத்துப் பையனுக்குக் கொடுக்கிற வேலை வேண்டாம். 15 கிலோவுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு அது வழக்கமில்லை.

அன்றைக்குச் சாப்பாட்டைச் சீக்கிரம் முடித்துவிடுங்கள். எல்லோருக்கும் நகம் வெட்டுங்கள். பீடி மடிக்க நகம் வேண்டும் என்று அத்தை சண்டை போட்டால், பழைய டூத்பிரஷ்ஷால் நகத்துக்கு அடியில் மருந்தை விட்டுவிடுங்கள். வெந்நீர் வேண்டாம், பச்சைத் தண்ணீரில் குளித்து, ஈரம் போகத் துடைத்து, உடம்பு ஆறிய பிறகு பூசுங்கள். விரலிடுக்கு, உள்ளங்கால், தொப்புள் குழி, தொடை இடுக்கு, பையனுக்கு மறைவிடம், எதையும் விடாதீர்கள். அத்தையின் முதுகுக்கு அவர் கை எட்டாது, நீங்கள்தான் பூச வேண்டும். ஒன்பது மணிக்குப் பூசினால் காலை ஏழு மணிக்குக் குளிக்கலாம். நடுவில் யார் கை கழுவினாலும் கையில் திரும்பப் பூச வேண்டும். முக்கால்வாசிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான்.

சின்னவளுக்குக் கணக்கு வேறு. கைக்குழந்தைக்குத் தலை, நெற்றி, காதுக்குப் பின்னால் எல்லாமும் பூச வேண்டும், கண்ணையும் வாயையும் சுற்றி மட்டும் விட்டுவிட வேண்டும். எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கையை வாயில் வைக்காமல் இருக்கச் சின்ன சாக்ஸை இரண்டு கையிலும் மாட்டிவிடுங்கள். பால் கொடுக்கும் முன் மார்பைக் கழுவிவிட்டுக் கொடுங்கள், கொடுத்த பிறகு அங்கே திரும்பப் பூசிக்கொள்ளுங்கள்.

தண்ணீர்ப் பிரச்சினை என்கிறீர்கள். வீட்டிலுள்ள துணியை எல்லாம் துவைக்கச் சொல்லி நான் உயிரை வாங்க மாட்டேன். உடம்பை விட்டு வெளியே வந்த பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. கடைசி மூன்று நாளில் உடுத்தியது, படுத்தது, துடைத்தது, இவற்றை மட்டும் ஞாயிறு காலை வெந்நீரில் அலசிக் காயப் போடுங்கள். தண்ணீர் பத்தாத கம்பளி, தலையணையை பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டி ஒரு வாரம் மூலையில் வையுங்கள், போதும். பாயை வெயிலில் போடுங்கள். வேலூர் வெயிலைத் திட்டுவதற்குத்தான் எல்லோரும் வாய் திறக்கிறார்கள், இதற்காவது உதவட்டும்.

அந்த வெயிலின் மேல் பழி போட்டு முதல் சில வாரம் போனது இன்னொரு வருத்தம். வேர்க்குரு கழுத்து, முதுகு, மார்பில் வரும், காற்றுப் பட்டால் தணியும். விரலிடுக்கில் வராது, வீட்டில் இன்னொருவரையும் சேர்த்து ராத்திரியில் எழுப்பாது.

மெடிக்கலில் வாங்கின க்ரீமை என்ன செய்தீர்கள்? இன்னும் அலமாரியில் இருந்தால் தூக்கிப் போடுங்கள். பெயரை நீங்கள் எழுதவில்லை, ஆனால் போட்டதும் அடங்கிப் பத்து நாளில் அதிகமாக வந்தது என்றால் அநேகமாக அதில் ஸ்டீராய்டு இருந்திருக்கும். அது அரிப்பையும் சிவப்பையும் அமுக்கும், பூச்சியை ஒன்றும் செய்யாது. பொரி எங்கே இருக்கிறது என்று டாக்டர் கண்ணுக்கே தெரியாமல் பண்ணிவிடும். குழந்தைத் தோலில் தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்துபோகும். கவுன்டரில் நிற்கிறவரிடம் சொல்லி மருந்து வாங்குவதை இந்த ட்யூபோடு நிறுத்துங்கள். வேப்பிலை மஞ்சள் அரைத்துப் போடுவேன் என்று அத்தை சொன்னால், பூசுகிற நாள் தவிர்த்து மற்ற நாளில், காயம் இல்லாத இடத்தில் போடட்டும். ஆனால் அதை நம்பி மருந்தை விட முடியாது.

மருந்து பூசிய மறுநாளே அரிப்பு நிற்காது. பூச்சி செத்தாலும் இரண்டு மூன்று வாரம், சிலருக்கு நாலு வாரம் அரிக்கும். பயந்துபோய் மூன்றாவது, நாலாவது தடவை பூச வேண்டாம். காலமைன் லோஷன் போடலாம். ராத்திரித் தூக்கத்துக்கு மருந்து வேண்டுமா என்று டாக்டர் சொல்லட்டும். முதல் பூச்சு முடிந்த மறுநாள் பையன் அங்கன்வாடிக்குப் போகலாம். டீச்சரிடமும் ஆயாவிடமும் விஷயத்தைச் சொல்லுங்கள், வெட்கப்பட்டு மறைத்தால் அங்கே வருகிற மற்ற பிள்ளைகளுக்கும் இதே பாடுதான்.

சனிக்கிழமைக்காகக் காத்திருக்கக் கூடாத நிலைமையும் உண்டு. பொரியில் சீழ் கட்டி, தேன் நிறத்தில் பொருக்கு விட்டு, காய்ச்சல் வந்தால் உடனே காட்டுங்கள். காலையில் எழும்போது முகம், கண் இமை வீங்கியிருந்தாலோ, மூத்திரம் குறைந்தாலோ, கறுப்புத் தேநீர் மாதிரி இறங்கினாலோ அன்றைக்கே போங்கள். சிரங்கில் ஏறுகிற கிருமியால் சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகம் வீங்குவதுண்டு. சிரங்கு ஆறி வாரங்கள் கழித்தும் அது வரலாம்.

வேலூர் போகட்டுமா என்று கேட்டீர்கள். இரண்டு சனிக்கிழமையும் ஐந்து பேரும் ஒழுங்காகப் பூசி, அதற்குப் பிறகு நாலு வாரம் கழித்தும் புதுப்புதுப் பொரியாக வந்தால் போங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, அங்கேயே காட்டலாம். போகும்போது அத்தையையும் கூட்டிக்கொண்டு போய், அவருக்கும் தனியாக ஒரு சீட்டுப் போடுங்கள்.