தறி மிதிக்கிற காலுக்கு இரத்த ஊசி

கேள்வி: எனக்கு வயது 54. வீட்டிலேயே தறி வைத்து 30 வருடமாகச் சாரம் நெய்கிறேன். வலது முழங்கால் இரண்டு வருடமாக நோகிறது. படி இறங்க முடியவில்லை, தொழும்போது சுஜூதில் இருந்து எழும்பவும் முடியவில்லை. எக்ஸ்ரே பார்த்த டொக்டர் நடுத்தரத் தேய்வு என்றார். நிறை 78 கிலோ. சீனி வருத்தம் உண்டு, இதயத்துக்கு அஸ்பிரின் குளிசையும் போடுகிறேன். கட்டாரில் இருக்கும் மகன், "பி.ஆர்.பி. ஊசி போடுங்க உம்மா, நம்மட இரத்தத்தையே சுத்தம் செய்து முட்டிக்குள்ள போடுவாங்க, சவ்வு திரும்ப வளருமாம்" என்கிறான். அவன் அனுப்பும் காசு போதாவிட்டால் காப்பை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறேன். செய்யலாமா டொக்டர்?
– வாசகி, மருதமுனை

பதில்: காப்பைக் கழற்ற வேண்டாம் தங்கச்சி. மற்றதைப் பிறகு பேசுவோம்.

மாரி மழைக்குப் பிறகு வீட்டில் ஒருவருக்கு டெங்கு வந்தால், "பிளேட்லெட் எவ்வளவு?" என்று நாளுக்கு நாலு தரம் கேட்போமே, அதே பிளேட்லெட் செறிந்த இரத்த நீர்தான் (platelet-rich plasma) இந்தப் பி.ஆர்.பி. வெட்டுக் காயத்தில் இரத்தத்தை உறைய வைப்பதும், காயம் ஆறத் தேவையான சில புரதங்களை வெளியே விடுவதும் பிளேட்லெட்டின் வேலை. கையில் இரத்தம் எடுத்து, குழாயை வேகமாகச் சுழற்றும் மெஷினில் வைப்பார்கள். பாரமான சிவப்பணுக்கள் அடியில் தங்கும், மஞ்சள் நீர் மேலே நிற்கும். அதில் பிளேட்லெட் செறிந்த பகுதியை எடுத்து மூட்டுக்குள் ஏற்றுவார்கள். சுத்தம் செய்கிற கதை எதுவும் இதில் இல்லை.

மகன் சொன்னதில் எனக்கு இடிக்கிற இடம் அந்தச் சவ்வு, அதாவது மூட்டுக்குள் எலும்பு நுனிகளை மூடியிருக்கும் குருத்தெலும்பு. அவுஸ்திரேலியாவில் 288 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2021இல் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் உங்களைப் போல லேசான அல்லது நடுத்தர முழங்கால் தேய்வு. வாரத்துக்கு ஒன்றாக மூன்று ஊசி. பாதிப் பேருக்குப் பி.ஆர்.பி., மற்றப் பாதிக்கு வெறும் சேலைன் (உப்பு நீர்). யாருக்கு எது போனது என்று அவர்களுக்குத் தெரியாது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், நோவுக்குப் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போட்டதில் பி.ஆர்.பி. காரருக்கு 2.1 குறைந்திருந்தது, சேலைன்காரருக்கு 1.8. சவ்வு இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு தேய்ந்துதான் இருந்தது. வளரவில்லை.

நோ குறைகிறது என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு, மறைக்கவில்லை. அமெரிக்காவின் வாத நோய் மருத்துவர் சங்கம் 2019 வழிகாட்டியில் முழங்கால் தேய்வுக்கு இது வேண்டாம் என்றே சொல்கிறது. அதே நாட்டு எலும்பு மருத்துவர் சங்கமோ 2021இல் நோ குறையலாம், ஆனால் ஆதாரம் குறைவு என்கிறது. எவ்வளவு இரத்தம் எடுப்பது, வெள்ளணுவை விடுவதா நீக்குவதா, எத்தனை ஊசி என்பதெல்லாம் இடத்துக்கு இடம் வேறு. பிறகு எங்கே ஒத்துப்போவது?

என் கதையையும் கேளுங்கள். ஆறு வருடத்துக்கு முன் நானும் இடது முட்டிக்கு இரண்டு ஊசி போட்டவன்தான், கொழும்பில் ஒரு தனியார் இடத்தில். கொண்டுபோன எக்ஸ்ரேயை உறையில் இருந்து வெளியே எடுக்கவில்லை, காசு கட்டிய ரசீதை மட்டும் இரண்டு தரம் பார்த்தார்கள். முதல் மூன்று நாள் நோ கூடியது. இரண்டாம் மாதம் பழைய கல்லடிப் பாலத்தில் காலையில் ஒரு நடை போய்வரும் அளவுக்குச் சுகம். ஆனால் அந்த நாட்களில்தான் மனைவி இராச் சோற்றை நிறுத்தி என்னை ஆறு கிலோ குறைய வைத்தாள். பிசியோதெரபி பிள்ளை ஒருத்தி விடாமல் தொடைப் பயிற்சியும் செய்வித்தாள். ஊசி சுகப்படுத்தியதா, மனைவியா? ஒன்பதாம் மாதம் நோ திரும்பி வந்தது. அப்போது பயிற்சியை விட்டிருந்தேன், சோற்றுக்கும் திரும்பியிருந்தேன்.

ஆகவே உங்களுக்கு முதலில் தொடை. கதிரையில் இருந்து காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும் வரை பிடித்து, மெதுவாக இறக்குங்கள். ஒரு காலுக்குப் பத்துத் தரம், தறியில் ஏறுமுன் ஒருமுறை, இரவில் ஒருமுறை. மணித்தியாலத்துக்கு ஒருதரம் தறியை விட்டு எழும்பி நடங்கள். நிறையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் பாரம் நாலு கிலோ குறையும். ஐந்து கிலோ குறைத்தால் இருபது! வெளியே போகும்போது ஊன்றுகோலை இடது கையில் பிடியுங்கள், நோகிற காலுக்கு எதிர்க் கை. பூசுகிற டைக்ளோபெனாக் ஜெல் உதவும். கதிரையில் இருந்து தொழுவதைப் பற்றி மௌலவியிடம் கேளுங்கள், அது என் துறை அல்ல.

மூன்று நாலு மாதம் ஒழுங்காகச் செய்தும் சரிவரவில்லை, மகனிடம் மிச்சக் காசும் இருக்கிறது என்றால், எலும்பு டொக்டர் ஒருவரிடம் எக்ஸ்ரேயைக் காட்டிவிட்டுப் போடுங்கள், தடுக்க மாட்டேன். ஸ்டீராய்ட் ஊசியைப் போல இது சீனியை ஏற்றாது. ஊசிக்கு முன் சில நாட்களுக்கு நோக் குளிசைகளை நிறுத்தச் சொல்வார்கள், அவை பிளேட்லெட்டை மந்தமாக்கும். அந்தக் கணக்கில் அஸ்பிரினையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அதை இதய கிளினிக் டொக்டர்தான் சொல்ல வேண்டும். ஊசிக்குப் பிறகு முட்டி சிவந்து சூடாகி வீங்கி, காய்ச்சலும் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: எனக்கு 71 வயது. என் இரத்தம் கிழட்டு இரத்தம். 20 வயதுப் பேரனின் இரத்தத்தில் பி.ஆர்.பி. எடுத்து என் முட்டிக்குப் போட்டால் கூடப் பலன் தருமா? அவன் தரத் தயார்.
– வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: வேண்டாம் ஐயா. உங்கள் இரத்தம் உங்களுக்கே திரும்பிப் போவதால்தான் ஒவ்வாமைப் பயமும், இன்னொருவரின் நோய் தொற்றும் பயமும் இந்த ஊசியில் இல்லை. பேரனின் இரத்தம் என்றால் அந்த ஒரு நன்மையும் போய்விடும். அவனுக்கு இரத்தம் கொடுக்க அவ்வளவு விருப்பம் என்றால் இரத்த வங்கிக்கு அனுப்புங்கள். 50 கிலோவுக்கு மேல் இருந்து, ஹீமோகுளோபினும் சரியாக இருந்தால் சந்தோசமாக எடுப்பார்கள்.