சம்பளம் கொடுக்கிறவன் பாடம் நடத்துவானா?

கேள்வி: ஐயா, நாங்கள் ஈசூனில் வசிக்கிறோம். மகன் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இயந்திரப் பொறியியல் பட்டயம் வாங்கி, தேசிய சேவையும் முடித்துவிட்டான். வயது 22. இரண்டு இடங்களில் பொறியியல் பட்டப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. ஒன்று ஊரே அறிந்த பழைய பல்கலைக்கழகம். மற்றது எஸ்ஐடி எனப்படும் சிங்கப்பூர் தொழில்நுட்பக் கழகம். அங்கே படிப்புக்கு நடுவிலேயே எட்டு மாதம், ஒரு வருடம் என்று நிறுவனத்தில் வேலை பார்க்க வேண்டுமாம். சம்பளமும் உண்டாம். மகனுக்கு அதில்தான் ஆசை. டாக்சி ஓட்டும் என் கணவரோ, "சம்பளம் கொடுக்கிறவன் வேலைதான் வாங்குவான், பாடமா நடத்துவான்?" என்கிறார். என் நாத்தனார், "அது சொந்தப் பட்டம்தானா, விசாரிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். படிப்பு ஒரு வருடம் தள்ளிப் போகுமா? காசு ருசி கண்டபின் படிப்பை விட்டுவிடுவானா? அந்தச் சம்பளத்தை வைத்துக் கடன் இல்லாமல் படிக்க வைக்க முடியுமா? பி.கு.: சேஃப்டி பூட்ஸ் நாங்கள்தான் வாங்கித் தர வேண்டுமா?
- ஒரு தாய், ஈசூன்

பதில்:

அன்புச் சகோதரி,

உங்கள் கணவர் சொன்னதில் பாதி சரி. ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் பல வருடம் இருந்தவன் நான். சம்பளம் கொடுக்கிறவன் வேலைதான் வாங்குவான். நானும் வாங்கியிருக்கிறேன்.

என்னிடம் முதன்முதலில் வந்த பயிற்சி மாணவனுக்கு என்ன வேலை கொடுப்பதென்றே எனக்குத் தெரியவில்லை. தொழிற்சாலையில் இருக்கும் வால்வுகளுக்கெல்லாம் எண் ஒட்டி, கணினியில் பட்டியல் போடச் சொன்னேன். ஒட்டினான். முடிந்ததும் இன்னொரு கட்டடத்தைக் காட்டினேன். அதையும் ஒட்டினான். இரண்டு மாதம் கழித்து அவனுடைய விரிவுரையாளர் பார்க்க வந்தார். "இதுவரைக்கும் என்ன கத்துக்கிட்டே?" என்று கேட்டார். பையன் என் முகத்தைப் பார்த்தான். நான் கோப்பி சொல்லிவிட்டு வருவதாக எழுந்து வெளியே போய்விட்டேன். கெட்டிக்காரப் பையன். அவனுடைய நேரத்தை வீணாக்கியது நான்தான்.

சில வருடம் கழித்து இன்னொருவன் வந்தான். எங்கள் பாய்லருக்குத் தண்ணீர் தள்ளும் பம்ப் ஒன்றில், சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போய்க்கொண்டிருந்த நேரம் அது. பேரிங் விற்றவரைத் திட்டினோம், கிரீஸை மாற்றினோம், ஒன்றும் நடக்கவில்லை. இவன் லாக் புத்தகத்தைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "அங்கிள், அலைன்மென்ட் எப்போ பார்ப்பீங்க?" பம்பை நிறுத்தி, ஆறிய பிறகு, காலையில் பார்ப்போம் என்றேன். மோட்டார் ஷாஃப்டும் பம்ப் ஷாஃப்டும், அதாவது இரண்டின் சுழலும் தண்டுகளும், ஒரே கோட்டில் இருக்கிறதா என்று டயல் கேஜ் என்ற அளவுமானியை வைத்துப் பார்ப்போம். எப்போது பார்த்தாலும் சரியாகத்தான் இருக்கும்.

அவன் ஒரு படிவத்தின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டான். ஒரு மீட்டர் எஃகு, ஒரு டிகிரி சூட்டுக்கு சுமார் 0.012 மில்லிமீட்டர் விரியும். பம்பின் ஷாஃப்ட் தரையிலிருந்து அரை மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உள்ளே ஓடுவது 90 டிகிரித் தண்ணீர். காலையில் 30 டிகிரியில் இருந்த பம்பின் உடம்பு 60 டிகிரி ஏறினால், ஷாஃப்ட் 0.36 மில்லிமீட்டர் மேலே போய்விடும். மோட்டார் அவ்வளவு சூடாவதில்லை, அது இருந்த இடத்திலேயே இருக்கும். பம்பின் கால் முழுவதும் அந்தச் சூட்டுக்கு வராது என்பது வேறு விஷயம். பாதி ஏறினாலே போதும், இரண்டு தாள் கனத்துக்குக் கோடு விலகிவிடும். பேரிங்குக்கு அது எமன். ஆற வைத்து அளந்ததால் எங்கள் கண்ணில் படவில்லை.

கைதேர்ந்த ஃபிட்டருக்கு இது தெரிந்த விஷயம். எங்களிடம் இருந்த அப்படிப்பட்ட ஆள் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். பையன் தன் கணக்கை விரிவுரையாளருக்கு அனுப்பிச் சரிபார்த்துக்கொண்டான். மோட்டாருக்கு அடியில் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்து, ஆறியிருக்கும்போதே வேண்டுமென்று கொஞ்சம் உயர்த்தி வைத்தோம். பராமரிப்புக்காகத் தொழிற்சாலையை நிறுத்தும் அடுத்த வருட ஷட்டவுன் வரை அந்த பேரிங் அசையவில்லை. அவன் திரும்பிப் போய் இறுதியாண்டு ஆய்வுக்குப் பம்ப் அதிர்வையே எடுத்துக்கொண்டான்.

வெப்ப விரிவு பற்றி அவன் வகுப்பில் படித்தது அரைப் பக்கம் இருக்கும். பம்ப் முன்னால் நின்றபோதுதான் அந்த அரைப் பக்கம் அவனுடையதாயிற்று. ஆக, உங்கள் கணவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: சம்பளம் கொடுக்கிறவன் பாடம் நடத்த மாட்டான், ஆனால் பாடம் அவனுடைய இடத்தில்தான் கிடக்கிறது. அதைக் காட்ட ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் வால்வுக்கு எண் ஒட்டும் வேலைதான். எந்தப் பல்கலைக்கழகம் என்பதைவிட எனக்கு இதுதான் பெரிய கேள்வி.

இது நேற்று முளைத்த யோசனையும் இல்லை. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர் என்ற பேராசிரியர் 1906இல் 27 பொறியியல் மாணவர்களோடு தொடங்கியது. மாணவர்களை ஜோடி சேர்த்தார். ஒருவன் ஒரு வாரம் வகுப்பில் இருப்பான், அவன் ஜோடி தொழிற்சாலையில் இருப்பான். அடுத்த வாரம் இடம் மாறிக்கொள்வார்கள். தொழிற்சாலைக்கு எப்போதும் ஆள் இருக்கும், கூலியும் உண்டு. ஆங்கிலத்தில் இதற்குக் கோ-ஆப் என்று பெயர். கூட்டுறவுக் கடை என்று நினைத்துவிடாதீர்கள், கல்லூரியும் நிறுவனமும் கூட்டுச் சேர்ந்து படிக்க வைப்பது என்று பொருள். கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் தொடங்கியபோதே இந்த முறையோடுதான் தொடங்கியது. இன்று அங்கே பொறியியல் மாணவர்கள் நான்கு மாதம் படிப்பு, நான்கு மாதம் வேலை என்று மாறி மாறிப் போவார்கள். பட்டம் வாங்க ஐந்து வருடம் ஆகும்.

அந்த ஐந்து வருடக் கதை யார் மூலமாவது உங்கள் காதுக்கு வந்து, அதனால்தான் "ஒரு வருடம் தள்ளிப் போகுமா" என்று கேட்கிறீர்கள் போலிருக்கிறது. எஸ்ஐடியில் அப்படி இல்லை. அங்கே ஒருங்கிணைந்த வேலை-கல்வித் திட்டம் படிப்புக் காலத்துக்கு உள்ளேயே வருகிறது. பெரும்பாலான படிப்புகளில் 8 முதல் 12 மாதம். அதற்கும் மதிப்பீடு உண்டு, பட்டத்துக்கான கணக்கில் அதுவும் சேரும். நிறுவனத்தில் ஒரு மேற்பார்வையாளர், பல்கலைக்கழகத்தில் ஒருவர் என்று இரண்டு பேர் அவனைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டயம் படித்தவன் என்பதால் சில பாடங்களில் விலக்குக் கிடைக்கவும் வாய்ப்புண்டு. எத்தனை பாடம் என்று எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அது காலத்தையும் குறைக்கும், கட்டணத்தையும் குறைக்கும்.

நாத்தனார் கேள்விக்கு வருகிறேன். அவர் வம்புக்குக் கேட்கவில்லை, பழைய ஞாபகத்தில் கேட்டிருக்கிறார். எஸ்ஐடி 2009இல் நிறுவப்பட்டபோது வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களின் பட்டங்களைத்தான் இங்கே படிக்க வைத்தார்கள். 2014இல் அது தன்னாட்சிப் பல்கலைக்கழகமாகித் தன் பெயரிலேயே பட்டம் கொடுக்கத் தொடங்கியது. சிங்கப்பூரின் ஆறு தன்னாட்சிப் பல்கலைக்கழகங்களில் அதுவும் ஒன்று. அடுத்த கல்யாண விருந்தில் அவர் பக்கத்தில் உட்கார நேர்ந்தால் இதைச் சொல்லிவிடலாம்.

பழைய பல்கலைக்கழகத்தைத் தள்ளிவிடச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அங்கேயும் பொறியியல் மாணவர்களுக்கு வேலைப் பயிற்சி உண்டு, ஆனால் பொதுவாகக் காலம் குறைவு. பத்து வாரத்தில் ஒரு பையனுக்கு ஆட்களின் பெயரும் கழிப்பறை இருக்கும் இடமும்தான் பழகும் என்பது என் அனுபவம். மேலே ஆராய்ச்சி, முனைவர் பட்டம் என்று போக ஆசை இருந்தால் பழைய இடம் தோதாக இருக்கலாம். ஒரு பருவம் வெளிநாட்டுக்குப் பரிமாற்றத்தில் போவது, விருப்பப் பாடம் எடுப்பது போன்றவற்றுக்கு, வேலைக்கே ஒரு வருடம் போய்விடுகிற படிப்பில் இடம் சுருங்கிவிடும். மகனுக்கு எது முக்கியம் என்று கேளுங்கள். கேட்ட பிறகு பதிலை அவனே சொல்லி முடிக்கும் வரை யாரும் குறுக்கே பேசக்கூடாது. டாக்சிக்காரர் உட்பட.

காசு ருசி பற்றி. பயிற்சிச் சம்பளம் முழுநேரச் சம்பளத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். படிப்பை உதறிவிட்டு ஓடும் அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. உண்மையில் நான் பார்த்தது வேறு. காலை ஏழு மணிக்கு ஜூரோங்கில் நிற்க வேண்டுமென்று ஐந்து மணிக்கு எழுந்து எம்ஆர்டி பிடிக்கிற பையன், பட்டம் இல்லாமல் இதே வேலையில் இருப்பவர்களுக்கும் பட்டம் வாங்கியவர்களுக்கும் என்ன வித்தியாசம் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு வருகிறான். அதற்குப் பிறகு வகுப்பில் தூங்குவது குறையும். பராமரிப்பு வேலையின் இரைச்சலே தனக்கு ஒத்துவராது என்று கண்டுகொண்டு வடிவமைப்புப் பக்கம் போன ஒரு பெண்ணும் என்னிடம் இருந்தாள். பட்டம் வாங்கி, வேலைக்குச் சேர்ந்து, இரண்டு வருடம் கழித்துத் தெரிய வேண்டியது அவளுக்கு மூன்றே மாதத்தில் தெரிந்துவிட்டது.

கடன் இல்லாமல் முடியுமா என்றால், அந்தச் சம்பளத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். எந்த நிறுவனம், எவ்வளவு கொடுக்கும் என்பதெல்லாம் நேர்முகத் தேர்வு முடிந்து கடிதம் வந்த பிறகுதான் தெரியும். வேலைக்குப் போகும் பருவத்துக்கும் கட்டணம் உண்டா என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கல்விக் கட்டணக் கடன் என்று ஒன்று இருக்கிறது. கல்வி அமைச்சின் மானியம் போக மாணவர் கட்ட வேண்டியதில் 90 விழுக்காடு வரை எடுக்கலாம், படிக்கும் காலத்தில் வட்டி கிடையாது. பலர் அதை விட்டுவிட்டு, அப்பாவின் மசேநிதியில், அதாவது மத்திய சேமநிதியில், கை வைக்கிறார்கள். மசேநிதியில் எடுத்ததை மகன் பிறகு வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும், அந்த வட்டி எடுத்த நாளிலிருந்தே ஏறத் தொடங்கும். டாக்சி ஓட்டுகிறவர்களுக்கு அந்தக் கணக்கில் பெரும்பாலும் தொகையும் அதிகம் இருப்பதில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். பயிற்சிச் சம்பளம் அவன் பேருந்துக்கும் சாப்பாட்டுக்கும் ஆகட்டும், மிச்சம் இருந்தால் சேர்த்துவைத்துக் கடனில் கட்டட்டும்.

2017இல் வேலை-கல்விப் பட்டம் என்ற பெயரில் வேறொரு வகையும் அறிவிக்கப்பட்டது. எஸ்ஐடியும் சிங்கப்பூர் சமூக அறிவியல் பல்கலைக்கழகமும்தான் அதில் முதலில் இறங்கின. இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். அந்த வகையில் நிறுவனத்தோடு உறவு இன்னும் நெருக்கம். வாரத்தில் சில நாள் வேலை, சில நாள் வகுப்பு என்றும் இருக்கலாம், ஒரு பருவம் விட்டு ஒரு பருவம் என்றும் இருக்கலாம். மகன் கையில் இருக்கும் கடிதம் எந்த வகை என்று பார்க்கச் சொல்லுங்கள். நிறுவனம் கட்டணத்தில் பங்கு போடுகிறது என்றால், படிப்பு முடிந்து அங்கேயே இத்தனை வருடம் வேலை செய்ய வேண்டும் என்ற கட்டு இருக்கிறதா என்று கையெழுத்துப் போடுவதற்கு முன் படித்துவிட வேண்டும். அந்தத் தாளை உங்கள் கணவரே படிக்கட்டும். அவருடைய சந்தேக புத்தி இங்கேதான் உதவும்.

பல்கலைக்கழகத்தின் பொது வரவேற்பு நாளுக்கு மகனோடு அவரையும் எஸ்ஐடியின் பொங்கோல் வளாகத்துக்கு அனுப்புங்கள். கையேட்டில் "தொழில்துறைக்குத் தயார்" என்று எல்லாப் பக்கத்திலும் போட்டிருக்கும், அதைத் தாண்டிக் கேட்க வேண்டும். இந்தப் படிப்பில் போன வருடம் எந்தெந்த நிறுவனங்களுக்குப் போனார்கள்? விரிவுரையாளர் எத்தனை முறை நேரில் போய்ப் பார்ப்பார்? கொடுத்த வேலை சரியில்லை என்றால் மாணவன் யாரிடம் சொல்ல வேண்டும், சொன்னால் இடம் மாற்றுவார்களா? கடைசிக் கேள்விக்குத் தடுமாறாமல் பதில் சொல்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். அன்றைக்கு என்னிடம் எண் ஒட்டிய பையனுக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள ஒரு ஆள் இருந்திருந்தால், விரிவுரையாளர் வரும்வரை இரண்டு மாதம் காத்திருந்திருக்க மாட்டான்.

பி.கு. கேள்விக்கு: பூட்ஸ் நிறுவனம்தான் கொடுக்க வேண்டும், நீங்கள் வாங்காதீர்கள். ஆனால் அளவு கேட்டு மின்னஞ்சல் வரும்போது, பையன்கள் விளையாட்டுக் காலணியின் அளவை அப்படியே எழுதி அனுப்பிவிடுவார்கள். மாலையில் கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது, கனமான காலுறை போட்டு அளக்கச் சொல்லுங்கள். முன்னால் இருக்கும் இரும்பு மூடி வளைந்து கொடுக்காது. முதல் வாரம் பிளாஸ்டர் இரண்டு பெட்டி தயாராக வைத்திருங்கள்.