கேள்வி–பதில்: இருந்த சட்டத்தை எடுக்காமல் விட்டவர்கள்

கேள்வி: ஐரோப்பிய வங்கி ஆணையத்தில் பெரிய பதவியில் இருந்தவர், விலகிய மறுநாளே வங்கிகளின் சங்கத்துக்குத் தலைமை ஏற்றாராமே? வேலியே பயிரை மேய்ந்த கதைதானே? இதைத் தடுக்க அங்கே சட்டம் கிடையாதா?
– ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: சட்டம் இருந்தது. எடுத்துப் பயன்படுத்தத்தான் ஆள் இல்லை.

நீங்கள் சொல்பவர் ஹங்கேரிக்காரரான ஆடம் ஃபர்காஷ். ஐரோப்பிய ஒன்றிய வங்கிகளுக்கான விதிகளை வகுக்கும் அந்த ஆணையம் 2011இல் தொடங்கிய ஆண்டிலிருந்து அதன் செயல் இயக்குநர். 2020 ஜனவரி 31 வரை அங்கே. பிப்ரவரி 1 முதல் 'அஃப்மி'யின் தலைமை நிர்வாகி. அஃப்மி என்பது பெரிய முதலீட்டு வங்கிகளுக்காக லாபி செய்யும், அதாவது விதிகள் அவற்றுக்குச் சாதகமாக அமைய அதிகாரிகளிடம் பேசிப்பார்க்கும் சங்கம்.

ஐரோப்பிய ஒன்றிய ஊழியர் விதிகளில் 16ஆவது பிரிவைப் பாருங்கள். பதவி விலகி இரண்டு ஆண்டுக்குள் எந்த வேலையில் சேர்ந்தாலும் பழைய நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கடைசி மூன்று ஆண்டு பார்த்த வேலையோடு அது தொடர்புடையதாக இருந்து, நலன்கள் மோதும் என்று பட்டால், நிறுவனம் நிபந்தனை போடலாம். அடியோடு தடுக்கவும் செய்யலாம். முடிவைச் சொல்ல 30 வேலை நாள் அவகாசம். அதற்குள் வாய் திறக்காவிட்டால் சம்மதம் என்று பொருள்.

ஃபர்காஷ் விதிப்படி 2019 ஆகஸ்ட் 1ஆம் தேதியே தெரிவித்துவிட்டார். அந்த வகையில் அவர் எதையும் ஒளிக்கவில்லை. அவரை மட்டும் திட்டிக்கொண்டிருப்பது சரியல்ல. முடிவெடுக்க வேண்டியது உறுப்பு நாடுகளின் வங்கிக் கண்காணிப்பாளர்கள் உட்கார்ந்திருக்கும் குழு. தடை என்பது மிகை என்று கருதி, சில நிபந்தனைகளோடு அது வழிவிட்டது.

நிபந்தனையில் என்ன கோளாறு? அமலாகிறதா என்று பார்க்க வழியில்லை. ஒருவர் தன் புதிய அலுவலகத்தில், கதவைச் சாத்திக்கொண்டு, எந்த விதியைப் பற்றி என்ன ஆலோசனை சொல்கிறார் என்பதைப் பழைய அலுவலகம் எப்படிக் கண்காணிக்கும்? இத்தனைக்கும் அவர் கையில் இருந்தது ஏதோ ஒரு துறைக் கோப்பு அல்ல, ஆணையத்தின் அன்றாட நிர்வாகமே. அடுத்து எந்த விதி வரப்போகிறது, எந்த நாடு எதில் முரண்டு பிடிக்கும், எங்கே இறங்கிவரும் என்பதெல்லாம் தெரியும் நாற்காலி அது. லாபிக்காரருக்கு விலைமதிப்புள்ள சரக்கு அதுதான்.

இதைவிட மோசமானது இன்னொன்று. ஆகஸ்ட் 1இல் தகவல் தெரிந்தும், ரகசியக் கோப்புகளைப் பார்க்கும் அனுமதி செப்டம்பர் 23 வரை அவரிடமே இருந்தது. ஏழு வாரத்துக்கும் மேல்! கணினியில் ஒரு அனுமதியை ரத்து செய்ய எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.

சமூக அமைப்புகள் புகார் கொடுத்தன. ஒன்றியத்தின் குறைதீர்ப்பாளர் எமிலி ஓ'ரைலி 2020 மே மாதம், வழிவிட்டது, கோப்பு அனுமதியை உடனே நிறுத்தாதது இரண்டையுமே நிர்வாகக் கோளாறு என்றார். இந்த மாற்றத்துக்கே தடைவிதி பொருந்தாது என்றால் வேறு எதற்குப் பொருந்தும் என்பது அவர் வாதம். மூத்த அதிகாரிகளுக்குத் தேவைப்பட்டால் இரண்டு ஆண்டு வரை தடை போடுங்கள், எப்போது தடை வரும் என்பதைப் பதவிக்கு விண்ணப்பிக்கும்போதே சொல்லிவிடுங்கள், கிளம்புகிறார் என்று தெரிந்ததுமே ரகசியத் தகவலை நிறுத்துங்கள் என்றார். ஆணையம் ஏற்றுக்கொண்டது. ஃபர்காஷ் அதற்குள் அஃப்மியில் பல மாதம் வேலை பார்த்திருந்தார்.

உங்கள் 'வேலி' உவமை இங்கே அவ்வளவாக ஒட்டாது. ஒட்டுவது வாசல். அந்த நாற்காலிக்கு ஒருவர் வரும்போது ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும், போகும்போது வேண்டாம். ஃபர்காஷின் இடத்துக்கு முன்மொழியப்பட்ட அயர்லாந்துக்காரர் ஜெர்ரி கிராஸை, அவர் முன்பு அஃப்மியில் இருந்தவர் என்பதால், 2020 ஜனவரியில் நாடாளுமன்றம் நிராகரித்தது. இத்தனைக்கும் முந்தைய ஆண்டுதான், ஸ்பெயினின் சான்டாண்டர் வங்கியில் ஒழுங்குமுறை விவகாரங்களைப் பார்த்த ஹோசே மானுவல் காம்பாவை ஆணையத்தின் தலைவராக அதே நாடாளுமன்றம் ஏற்றுக்கொண்டிருந்தது. கடைசியில் செயல் இயக்குநர் பதவி, ஐரோப்பிய மத்திய வங்கியின் கண்காணிப்புப் பிரிவிலிருந்து வந்த ஃபிரான்சுவா-லூயி மிஷோவுக்குப் போனது.