பள்ளத்தில் இறங்கிய பேருந்து: வாசகர் கேள்வி பதில்

தெருவில் நடந்த விநோதங்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: 2017-இல் அண்ணா சாலையில் மாநகரப் பேருந்து பள்ளத்துக்குள் இறங்கி நின்ற படத்தை என் பேரனுக்குக் காட்டினேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். விபத்தைப் பார்த்துச் சிரிக்கக் கற்றுக்கொடுப்பதா என்று என் மருமகள் கோபித்துக்கொண்டாள். நியாயம் யார் பக்கம்? (மயிலாப்பூர் வாசகி)

பதில்: இந்தப் படத்தைப் பொறுத்தவரை பேரன் பக்கம். 2017 ஏப்ரல் 9, ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், சர்ச் பார்க் பள்ளி அருகே நின்ற 25ஜி பேருந்தின் அடியில் சாலை அமிழ்ந்தது. பயணிகள் இறங்கி வெளியே வந்துவிட்டார்கள். பக்கத்தில் வந்த கார் ஒன்றும் அதே பள்ளத்தில் சாய்ந்தது. அதில் இருந்தவரும் பத்திரமாக வெளியேறினார். உயிரிழப்பு ஏதும் இல்லை என்று தெரிந்த பிறகு ஊரே அந்தப் படத்தைப் பார்த்துச் சிரித்தது. நிறுத்தத்தில் ஒழுங்காக நின்ற பேருந்தை யாரோ கைப்பிடித்து அழைத்துச் சென்றது போல, அவ்வளவு பெரிய உருவம் பூமிக்குள் இறங்கி நிற்பதைப் பார்த்தால் எந்தக் குழந்தைக்கும் சிரிப்பு வரத்தான் செய்யும்.

சிரித்து முடித்ததும் காரணத்தையும் பேரனுக்குச் சொல்லுங்கள். அது படத்தைவிடச் சுவையானது. சாலைக்குக் கீழே அப்போது மெட்ரோ ரயிலுக்காகச் சுரங்கம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தோண்டும் இயந்திரம் மண்ணை வெட்டிக்கொண்டே, எதிரே இருக்கும் மண்சுவர் சரியாமல் அழுத்தம் கொடுத்துத் தாங்கவும் வேண்டும். இளகிய மண் இருக்கும் இடத்தில் இந்தச் சமநிலை பிசகினால், வெட்டவேண்டிய அளவுக்கு மேல் மண் உள்ளே சரிந்துவிடும். சரிந்த மண்ணின் இடம் வெற்றிடமாகி மேல்நோக்கி ஏறும். கடைசியில் தார்ச்சாலை மட்டும் பானை வாயில் கட்டிய துணியைப் போல வெறுமையின் மேல் நிற்கும். அந்தத் தடத்தில் ரயில் ஓடத் தொடங்கியது 2019 பிப்ரவரி 10-இல்தான். ஆக, ரயிலுக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் முன்பே 25ஜி அந்த வழியை எட்டிப் பார்த்துவிட்டது.

உங்கள் மருமகளின் கோபத்துக்கும் இடமிருக்கிறது. அதே சாலையில், அங்கிருந்து சற்றுத் தொலைவிலுள்ள அண்ணா மேம்பாலத்திலிருந்து 2012 ஜூன் 27-இல் 17எம் பேருந்து தடுப்பை உடைத்துக்கொண்டு கீழே விழுந்து, பயணிகள் பலர் காயமடைந்தார்கள். அந்தப் படத்திலும் பேருந்து இருக்கக்கூடாத இடத்தில்தான் கிடந்தது. ஆனாலும் அதைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. இரண்டு படங்களையும் பேரனுக்குக் காட்டி, இரண்டாவதில் உள்ளே இருந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று சொன்னால், எங்கே சிரிப்பை நிறுத்த வேண்டும் என்பதை அவனே கண்டுகொள்வான்.

கேள்வி: நிறுத்தியிருந்த இருசக்கர வாகனத்தோடு சேர்த்துச் சாலை போட்ட ஊர் என்று எங்கள் வேலூரை இன்றும் கேலி செய்கிறார்கள். வெளியூர் உறவினர்கள் முன் தலைகுனிய வேண்டியிருக்கிறது. இதற்கு ஒரு முடிவு இல்லையா? (வேலூர் வாசகர்)

பதில்: நீங்கள் ஏன் தலைகுனிய வேண்டும்? 2022 ஜூன் மாதக் கடைசியில், இரவு தெருவில் வண்டியை நிறுத்திவிட்டுத் தூங்கப்போன ஒருவர், காலையில் எழுந்து பார்த்தபோது புதிய கான்கிரீட் சாலையும், அதில் டயர் பதிந்து நின்ற தன் வண்டியும் கண்ணில் பட்டன. வண்டியின் சொந்தக்காரர் அவருக்குரிய இடத்தில் நிறுத்தினார், தெருக்காரர்கள் உறங்கினார்கள். வண்டியை இரண்டடி நகர்த்திவைக்கவோ, கதவைத் தட்டிச் சொல்லவோ மனம் வராத பணிமுறைக்குத்தான் அந்தக் கேலி போய்ச் சேர வேண்டும்.

கான்கிரீட்டின் இயல்பையும் இங்கே சொல்ல வேண்டும். கலந்த சிமெண்ட் இறுகத் தொடங்க அரை மணி நேரத்துக்குக் குறையாமலும், இறுகி முடிய 10 மணி நேரத்துக்கு மிகாமலும் ஆக வேண்டும் என்பது சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டுக்கு இந்தியத் தர நிர்ணயம் வகுத்த அளவு. ஆகவே, இரவில் ஊற்றியது விடிவதற்குள் வண்டியைப் பிடித்துக்கொள்ளும். கலவை ஈரமாக இருக்கும்போது ஒருவர் பார்த்திருந்தால் இரண்டு பேர் சேர்ந்து தூக்கி வைத்து, தடத்தைக் கரண்டியால் பூசிவிட்டிருக்கலாம். விடிந்த பிறகு உடைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. உடைத்த இடத்தில் ஒட்டுப்போட்டால் பழைய கான்கிரீட்டும் புதியதும் ஒன்றாகக் கலக்காமல் நடுவே ஒரு விளிம்பு நிற்கும். பிற்காலத்தில் மழைநீர் முதலில் நுழைவது அந்த விளிம்பு வழியாகத்தான். ஒரு வண்டியை நகர்த்தாத சோம்பலுக்கு ஒரு தெரு இவ்வளவு காலம் விலை கொடுக்கிறது.

இரண்டு மாதத்துக்குள் அதே வேலூரில், தண்ணீர் அடிக்கும் கைப்பம்பை அகற்றாமல் அதைச் சுற்றியே கழிவுநீர்க் கால்வாய் கட்டிய படமும் வெளியாயிற்று. கைப்பம்பின் அடிப்பாகம் கான்கிரீட்டுக்குள்ளும் தலை வெளியிலுமாக நின்ற அந்தக் காட்சியை நினைத்தால் இன்றும் எனக்குச் சிரிப்பு வருகிறது. அந்தப் பம்பில் குடம் வைத்துக் காத்திருந்த பெண்களை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது. ஆனால் இரண்டு முறையும் படம் ஊர் ஊராகப் போன பிறகுதான் அதிகாரிகள் ஓடி வந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். தெருவில் கான்கிரீட் சரியில்லை என்று நூறு பேர் கையெழுத்திட்ட மனு மேசையில் மாதக்கணக்கில் உறங்கும். ஒரு நல்ல சிரிப்பு ஒரே பகலில் ஆளைக் கூட்டிவிடும். உறவினர்கள் கேலி செய்தால், அந்தப் படத்தை எடுத்து வெளியே சொன்னவர்களும் வேலூர்க்காரர்கள்தான் என்று தலைநிமிர்ந்தே சொல்லுங்கள்.

கேள்வி: மழை எச்சரிக்கை வந்தாலே எங்கள் பகுதியில் கார்களை மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்திவிடுகிறார்கள். இது சிரிப்புக்குரியதா, கண்டனத்துக்குரியதா? (வேளச்சேரி வாசகர்)

பதில்: சிரிப்புக்கும் கண்டனத்துக்கும் முன்னால் அனுதாபம் வருகிறது. ஏரியும் சதுப்புநிலமும் சூழ்ந்த பகுதியில் குடியிருப்பவருக்கு, கையில் எட்டும் தொலைவில் உள்ள ஒரே மேடு மேம்பாலம்தான். 2015 வெள்ளத்தில் மூழ்கிய கார்களைப் பார்த்தவர்கள், 2024 அக்டோபரில் வானிலை எச்சரிக்கை வந்த உடனேயே பாலத்தில் இடம் பிடித்தார்கள். அபராதம் விதிக்கிறார்கள் என்று ஒரு செய்தி பரவ, காவல்துறை அதை மறுத்தது. பாலத்தில் வண்டி நிறுத்துவது பொதுவாக முறையற்றது. ஆம்புலன்ஸ் போக வழி விட்டு ஒரே ஓரமாக நிறுத்தினால் அந்த ஓரிரு நாளுக்குப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

பாலத்தில் இடம் கிடைக்காதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நீரில் நின்ற காரை, ஓடுகிறதா பார்ப்போம் என்று ஒருபோதும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். காற்றைப் போல நீரை அழுத்திச் சுருக்க முடியாது. சிலிண்டருக்குள் நீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் அதைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். அப்படிக் கெட்ட இன்ஜினுக்கு, தனியே இன்ஜின் பாதுகாப்பு எடுத்திராவிட்டால், காப்பீட்டு நிறுவனங்கள் பெரும்பாலும் பணம் தருவதில்லை. இழுவை வண்டியை அழைப்பதே சிக்கனம்.

கேள்வி: பெருங்களத்தூர் அருகே சாலையைக் கடந்த முதலை எந்தப் போக்குவரத்து விதியை மீறியது? (தாம்பரம் வாசகி)

பதில்: ஒன்றையும் மீறவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொட்டித் தீர்த்தபோது, நெடுங்குன்றம் பக்கம் அது சாலையைக் குறுக்காகக் கடந்து எதிர்ப்புறப் புதருக்குள் சென்றது. அங்குள்ள நீர்நிலைகளில் சதுப்புநில முதலைகள் முன்பே வாழ்கின்றன, அவை மனிதரைக் கண்டால் ஒதுங்கும் கூச்ச சுபாவம் கொண்டவை என்று வனத்துறைத் தரப்பில் விளக்கினார்கள். ஏரி நிரம்பி வழிந்தால் முதலையும் நம்மைப் போலவே மேடு தேடுகிறது.

கேள்வி: கைப்பேசி வரைபடத்தை நம்பிப் போய் முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்டேன். வழி கேட்பதை நாம் மறந்துவிட்டோமா? (கோடம்பாக்கம் வாசகர்)

பதில்: 2024 ஜனவரியில் கூடலூரில் ஒருவர் வரைபடம் காட்டிய வழியிலேயே போய்க் காரைப் படிக்கட்டில் இறக்கிவிட்டார், அவரோடு ஒப்பிட்டால் நீங்கள் பரவாயில்லை. வரைபடத்துக்கு இரண்டு இடங்களுக்கு இடையே வழி உண்டு என்பது தெரிகிறது; அந்த வழி காலுக்கு உரியதா சக்கரத்துக்கு உரியதா என்பது சில இடங்களில் தெரிவதில்லை.

மனிதரிடம் கேட்டாலும் சென்னையில் ஒரு சிரமம் உண்டு. நம் ஊர்க்காரர்கள் இல்லாத கட்டடங்களை வைத்து வழி சொல்பவர்கள். 1973-இல் திறந்த மேம்பாலத்துக்கு அண்ணா பெயர் சூட்டி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அங்கே முன்பு இருந்த ஜெமினி சினிமா ஸ்டூடியோவும் இப்போது இல்லை. ஆனாலும் ஆட்டோ ஓட்டுநருக்கு அது ‘ஜெமினி’தான். வெளியூரிலிருந்து வந்தவர் ஜெமினியைத் தேடிக்கொண்டே அதைக் கடந்து போய்விடுவார். இருந்தாலும், டீக்கடைக்காரர் ‘உள்ளே போகாதீங்க, வண்டி திரும்பாது’ என்று சொல்லும் அந்த ஒரு வாக்கியம் எந்தக் கருவியிலும் கிடைக்காது. கேளுங்கள்.

கேள்வி: எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் மாத இதழில் உள்ளூர்ச் செய்திகளை எழுதுகிறேன். மூடாத மழைநீர் வடிகாலில் ஸ்கூட்டரோடு ஒருவர் இறங்கிவிட்ட செய்தியை நகைச்சுவையாக எழுதலாமா? (பெரம்பூர் வாசகி)

பதில்: எழுதலாம், அதற்கு முன்பு அவரிடம் போய் நலம் விசாரித்துவிட்டு வாருங்கள். அவருக்கு அடிபடவில்லை என்பதை முதல் வாக்கியத்திலேயே போட்டுவிடுங்கள். நம் நாளிதழ்களில் ‘அதிர்ஷ்டவசமாக உயிர்ச்சேதம் இல்லை’ என்பது கடைசி வரியில்தான் வரும். அதுவரை வாசகர் சிரிக்கவும் முடியாமல் வருந்தவும் முடியாமல் தவிப்பார். ‘இதனால் அப்பகுதியில் சிறிது நேரம் பரபரப்பு ஏற்பட்டது’ என்ற வாக்கியத்தையும் விட்டுவிடுங்கள். அதற்குப் பதிலாக, யார் கயிறு கொண்டுவந்தார்கள், யார் ஸ்கூட்டரின் பின்சக்கரத்தைப் பிடித்தார்கள், மேலே வந்தவருக்கு எந்த வீட்டிலிருந்து காபி வந்தது என்று எழுதுங்கள். சிரிப்பு அங்கேதான் இருக்கும்.

விழுந்தவரின் பெயர் வேண்டாம். வடிகால் எந்தத் தெருவில், எந்த வீட்டு எண்ணுக்கு எதிரில், எத்தனை நாளாக மூடியில்லாமல் கிடக்கிறது என்பதைப் பெரிய எழுத்தில் போடுங்கள். அடுத்த இதழிலும் மூடி வரவில்லை என்றால், அதே படத்தை அதே இடத்தில் மறுபடியும் வெளியிடுங்கள்.