நீண்ட கட்டுரைக்குள் ஒத்த சொற்றொடரைத் தேடுவது எப்படி?

கேள்வி: பழைய தமிழ்க் கட்டுரைகளைக் கட்டுரைக்கு ஒரு வரிசையாகப் போஸ்ட்கிரெஸ் தரவுதளத்தில் சேமித்திருக்கிறேன். 'கோவில் திருப்பணி' என்று தேடினால் 'கோயில் திருப்பணி' என்று எழுதப்பட்டவை வருவதில்லை. இரண்டு உரைகள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று அளக்கும் சிமிலாரிட்டி ஃபங்ஷனைக் கொண்டு தேடியபோதோ, அந்தச் சொற்றொடர் பிசகாமல் இருக்கும் கட்டுரைகளும் விடுபட்டன. என்ன செய்யலாம்?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: நீங்கள் பயன்படுத்திய பிஜி_டிஆர்ஜிஎம் நீட்சி, ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் இரண்டு இடைவெளியும் பின்னால் ஒன்றும் சேர்த்து, அதை மூன்று மூன்று எழுத்துத் துண்டுகளாக வெட்டுகிறது. உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் தனித்தனி எழுத்தாக எண்ணினால், உங்கள் சொற்றொடரில் 17 துண்டுகள். கட்டுரையில் 2,000 வெவ்வேறு துண்டுகள் இருக்குமானால், அந்த 17-ம் அப்படியே அதில் கிடைத்தாலும் சிமிலாரிட்டி தரும் மதிப்பு (பொதுவான துண்டுகளை இரண்டிலுமுள்ள மொத்த வெவ்வேறு துண்டுகளால் வகுத்தது) 0.01-ஐ எட்டாது, பொருத்தம் என ஏற்கும் இயல்பான வரம்போ 0.3. முழுக் கட்டுரையோடு ஒப்பிடும் வரை இந்தக் கணக்கு உங்களுக்கு உதவாது.

9.6 பதிப்பில் வந்த வேர்ட்_சிமிலாரிட்டியைப் பயன்படுத்துங்கள். தேடும் சொற்றொடரோடு மிக நெருங்கி ஒத்துப்போகும் தொடர்ச்சியான பகுதியைக் கட்டுரைக்குள் கண்டுபிடித்து, அந்தப் பகுதியை மட்டுமே அது அளவிடுகிறது. 'வ' இருந்த இடத்தில் 'ய' வந்ததால் மூன்று துண்டுகள் மாறுகின்றன. இரண்டிலுமுள்ள 20 வெவ்வேறு துண்டுகளில் 14 பொதுவாக நிற்பதால் மதிப்பு ஏறத்தாழ 0.7 ஆகிறது. இதன் இயல்பான வரம்பு 0.6 என்பதால் கட்டுரை கிடைத்துவிடும்.

தமிழுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு; இதைப் பலர் கவனிப்பதில்லை. 'கோ' என்பதன் குறி ஒரே குறியீடாகவும் சேமிக்கப்பட்டிருக்கலாம், இரட்டைக்கொம்பும் காலும் என இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கப்பட்டிருக்கலாம். திரையில் வேறுபாடே தெரியாது, ஆனால் துண்டுகள் மாறிவிடும். எனவே 13 ஆம் பதிப்பு முதல் உள்ள நார்மலைஸ் ஃபங்ஷனால் கட்டுரைகளையும் தேடுசொல்லையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். தரவுதளம் 'சி' லொகேலில் (மொழி, எழுத்து அமைப்பில்) உருவாக்கப்பட்டிருந்தால் தமிழ் எழுத்துகள் துண்டாகாமலே போகக்கூடும் என்பதால், ஷோ_டிஆர்ஜிஎம் கொண்டு ஒரு சொல்லையாவது வெட்டிப் பார்ப்பது நல்லது.

அடுத்து, கட்டுரைகளைப் பத்திகளாகப் பிரித்து, கட்டுரை எண்ணும் பத்தி எண்ணும் கொண்ட தனி அட்டவணையில் வையுங்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். நீண்ட உரையில் ஏறக்குறைய எல்லாத் துண்டுகளும் எங்கேனும் சிதறிக் கிடக்குமாதலால், இண்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் சுட்டுப் பட்டியல்) தேவையற்ற வரிசைகளையும் அள்ளிக்கொண்டு வரும். ஒவ்வொன்றையும் மீண்டும் சரிபார்ப்பதிலேயே நேரம் கரைந்துவிடும். பத்தி நெடுவரிசைக்கு ஜின் (GIN) வகை இண்டெக்ஸ் அமைத்து, வினவலில் ஃபங்ஷனுக்குப் பதிலாக <% என்னும் குறியை எழுதுங்கள். வினவலின் WHERE நிபந்தனையில் ஃபங்ஷனை எழுதினால் அந்த இண்டெக்ஸ் பயன்படாது.

'திருப்பணிக்கு', 'திருப்பணியின்' போன்ற வேற்றுமை வடிவங்களுக்கு, 12 ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்ட தமிழ் அடிச்சொல் அகராதியுடன் கூடிய முழு உரைத் தேடல் பொருத்தமானது, எழுத்துப் பிழைகளுக்கு அது உதவாது. லெவன்ஷ்டைன் தூரத்தை (ஒன்றை இன்னொன்றாக்கத் தேவையான எழுத்து மாற்றங்களின் எண்ணிக்கையை) கணக்கிடும் ஃபங்ஷன் 255 எழுத்துகளுக்கு மேல் ஏற்காது என்பதால், கிடைத்த சிறு பகுதிகளைத் தரவரிசைப்படுத்த மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.